பூசணம் பூத்த அரிசி

கிட்ட வந்து உக்காரும்மா. இன்னும் கிட்ட. இந்த பஸ் போடுற சத்தத்துல நான் தொண்டை கிழியக் கத்த முடியாது. கன்னைக் கீழ வைக்காத, ஏறுறவன் இறங்குறவன் எல்லாம் மிதிச்சிடுவான், மடியில வச்சுக்க. முந்திரி ஒட்டுக்கன்னுதானே? விருத்தாசலத்துல வாங்குனியா? நாலு கன்னா? நல்லா வரும், நடு. நடவேணாம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பக்கத்துக் கொல்லைக்காரி யாருன்னு பாத்துட்டு நடு. அவ சொந்தக்காரியா இருந்தா இன்னும் ஒரு தடவ நல்லாப் பாத்துட்டு நடு.

ஏன் சொல்றேன்னா எனக்கு இருபத்திமூணு மரம் இருந்துச்சு. இப்ப பதினாலு. அந்தப் பதினாலும் இருக்குமா போகுமான்னு தினம் விடிஞ்சதும் போய் அடியைத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு வர்றேன். எங்களுக்கு வேற நிலம் கிடையாது. அந்தக் கொல்லை போச்சுன்னா இந்த வயசுல நானும் எங்க வீட்டுக்காரரும் அடுத்தவங்க கொல்லையில கொட்டை பொறுக்கத்தான் போகணும்.

பவுனாம்பாள்னு ஒருத்தி. எங்க வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி, எனக்கு ஓர்ப்படியா. நான் வாக்கப்பட்டு வந்து ஆறு வருசம் கழிச்சு அவ வந்தா. எனக்குப் பின்னாடி வந்தவளாச்சே, 'அக்கா, அக்கா'ன்னு முந்தானையைப் புடிச்சிக்கிட்டே திரிவா. பாகம் பிரிச்சப்பக்கூட கொல்லைதான் ரெண்டாச்சு, குழம்பு ரெண்டாகல. நான் பெரியாஸ்பத்திரியில பதினோரு நாள் கிடந்தப்போ கட்டிலுக்குப் பக்கத்துல வெறுந்தரையில படுத்துக் கிடந்தவ அவதான். அதையும் சொல்லிடுறேன். சொல்லாம மறைச்சா எனக்குத்தான் பாவம். அப்படிப்பட்டவ செஞ்சாளேன்னுதாம்மா எனக்கு ஆறல. வேத்து மனுசி செஞ்சிருந்தா வாயில வந்ததைத் திட்டிட்டு மறந்திருப்பேன்.

தானே புயல் அடிச்சப்போ ரெண்டு பேரு கொல்லையும் தரையோட தரையாப் படுத்துச்சு. சேந்து அழுதோம், சேந்து கன்னு வாங்கியாந்தோம், சேந்துதான் குழி வெட்டினோம். என் கன்னுக்கு அவ மண்ணு மிதிச்சா, அவ கன்னுக்கு நான் மிதிச்சேன். நடுவுல வேலின்னு ஒண்ணு போடல. என்னத்துக்கு வேலின்னு அவதான் சொன்னா. அவதான் சொன்னா, கேட்டுக்க.

போன வருசம் ஆனி மாசம். கொட்டை பொறுக்கி முடிஞ்சு சருகு கூட்டப் போனேன். ஒரு மரத்தோட அடியில, தரையை ஒட்டுனாப்புல, ரம்பம் போட்டு அறுத்த மாதிரி தூளு கொட்டிக் கிடக்கு. தூளோட பிசினும் வடிஞ்சிருக்கு. கொடுவாளால பட்டையைப் பேத்துப் பாக்குறேன், உள்ள விரல் தண்டிக்கு வெள்ளைப் புழு, பால் குடிச்ச பிள்ளையாட்டம் கொழுகொழுன்னு புரளுது. அதோட ஆத்தாளையும் அப்புறம் பாத்தேன். பழுப்பு நிற வண்டு. உடம்பு இத்தனாம்பெருசு, மீசை அதைவிட நீளம், மாட்டுக்கொம்பு கணக்கா வளைஞ்சு கிடக்கும். பட்டை இடுக்குல முட்டையை வச்சிட்டு அது பாட்டுக்குப் போயிடும். புழு உள்ளாறயே சுத்திச் சுத்தித் தின்னு வேருக்கு இறங்கிடும். மேல இலை பழுக்குதேன்னு நீ அண்ணாந்து பாக்கிறப்போ உள்ள மரம் செத்து ரெண்டு மாசம் ஆயிருக்கும்.

தார் பூசினேன். உளியால நோண்டி நோண்டிப் புழு எடுத்தேன். மருந்துக் கடைக்காரன் குடுத்ததை ஊத்தினேன். ஊத்துன அன்னிக்கு எனக்குத்தான் தலை சுத்தி வாந்தி வந்துச்சு, புழு நல்லாத்தான் இருந்துச்சு.

அப்பத்தான் எங்க மகளிர் குழுத் தலைவி சொர்ணம் வந்து சொன்னா. முந்திரி ஆராய்ச்சிப் பண்ணையில ரெண்டு நாள் பயிற்சியாம், மருந்தே இல்லாம அந்தப் புழுவைக் கொல்றதுக்கு ஒரு பூசணம் இருக்காம், அதைச் சோத்துல வளக்கக் கத்துத் தர்றாங்களாம். பூசணம் புழுவைக் கொல்லுமான்னு எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல. பவுனும் சிரிக்கல. ரெண்டு பேரும் போறதுன்னு பேசிக்கிட்டோம். மறுநாள் காலையில ஏழு மணி பஸ்சு. நான் எலுமிச்சஞ்சோறு கிண்டி, ரெண்டு பேருக்கும் இலையில கட்டி, ஊறுகாய் தனியாக் கட்டி, பஸ் ஸ்டாப்புல போய் நின்னேன். ஏழு மணி பஸ்சு வந்துச்சு, போச்சு. எட்டு மணி பஸ்சும் போச்சு. டீக்கடைக்காரன்தான் சொன்னான், "ஒங்க ஓர்ப்படியா விடியக்காலை மொத பஸ்சுலயே போயிடுச்சேம்மா, ஒனக்குத் தெரியாதா?"ன்னு.

அந்தச் சோத்தை நான் திங்கலம்மா. மாட்டுக்கு வச்சேன்.

ரெண்டு நாள் கழிச்சு வந்தவளை வாசல்லயே நிறுத்திக் கேட்டேன். ஏன் பவுனு இப்படிப் பண்ணுனன்னு. அவ சொல்றா, "அக்கா, வீட்டுக்கு ஒருத்தர்தான்னு சொல்லிட்டாங்க. நமக்கு ஒரே கதவு நம்பரு. ரெண்டு பேரும் போய் நின்னா ஒருத்தரைத் திருப்பிடுவாங்க. அங்க உக்காந்து எழுதணும்க்கா. ஒனக்கு எழுதத் தெரியாது. நான் கத்துக்கிட்டு வந்து ஒனக்குச் சொல்லித் தரமாட்டேனா?"

எழுதத் தெரியாதுன்னு எம் மூஞ்சிக்கு நேரா. ஊருக்கே தெரிஞ்சதுதான், இல்லங்கல. ஆனா அவ வாயால வந்துச்சு பாரு. அதுக்கப்புறம் சொர்ணம் இன்னொண்ணு சொன்னா. அங்க பேரு எழுதுறப்போ 'ஒங்க கொல்லையில வேற பொம்பளை யாராச்சும் உண்டா'ன்னு கேட்டாங்களாம். இவ 'நான் மட்டுந்தான்'னு சொன்னாளாம். நான் மட்டுந்தான்! அப்ப நான் யாரு? இருபத்திமூணு மரத்தை அந்த வண்டா நட்டுச்சு?

சரி. மனசை அடக்கிக்கிட்டேன். மரம் முக்கியம்ல.

அவ குருணை அரிசியை முக்கா வேக்காடா வேக வச்சு, பாலித்தீன் பையில போட்டு, வாயில பஞ்சு அடைச்சு, இட்லிப் பானையில ஆவி காட்டி, பண்ணையில பூசண விதை கலந்து பாட்டில்ல குடுத்த தண்ணியை ஊசியால ஏத்தி, இருட்டு அறையில வச்சா. மொதல்ல வெள்ளையாப் பஞ்சு மாதிரி பூத்துச்சாம். பதினஞ்சு நாள்ல பச்சையாயிடுச்சு. கிளிப்பச்சை இல்லம்மா, பாசிப் பச்சை. பன்னெண்டு பை போட்டிருந்தா. ஆறு அவளுக்கு, ஆறு எனக்கு. ஈரச் சாக்குல சுத்திக் கொண்டாந்து குடுத்தா. "அக்கா, இன்னிக்குப் பொழுது சாயவே வச்சுடு. தொழுவுரம், வேப்பம்புண்ணாக்கோட கலந்து, வேரடியைக் கிளறி வச்சு, மண்ணு மூடித் தண்ணி ஊத்திடு"ன்னு என்னென்னமோ சொன்னா. நான் அவ மூஞ்சியையே பாக்கல. காதுல விழுந்த வரைக்கும் விழுந்துச்சு.

அவ போனப்புறம் பையைப் பிரிச்சேன். குப்புனு ஈர வாடை. தொட்டா கை பூரா பச்சை. நான் யோசிச்சேன். எழுதத் தெரியாதே ஒழிய எனக்கு யோசிக்கத் தெரியும். எங்க ஊர்ல ஒரு பொருள் ஈரமா வீட்டுக்கு வந்தா என்ன செய்வோம்? கொட்டை பொறுக்கியாந்தா மூணு நாள் காய வைப்போம். கையில அள்ளிக் குலுக்குனா உள்ள பருப்பு கலகலன்னு பேசணும். அது பேசுற வரைக்கும் மூட்டை கட்ட மாட்டோம். ஈரத்தோட கட்டுனா மொத்தமும் பாழ். பலாக்கொட்டை, மொளகா, புளி எல்லாத்துக்கும் அதே கதைதான். என் மாமியாரு என்னை ஊருக்கு முன்னால மெச்சுனது ஒரே ஒரு விசயத்துக்குத்தான். 'பெரியவ காய வச்ச கொட்டையில சொத்தை வராது'ன்னு.

அதனால களத்தைக் கூட்டி, பாயை விரிச்சு, ஆறு பையையும் கொட்டிப் பரப்பினேன். புரட்டாசி வெயில், சுள்ளுனு. மூணு நாள் அந்த இடத்தை விட்டு நகரல. காக்கா ஓட்டினேன், கோழி விரட்டினேன், மணிக்கு ஒருக்கா காலால துழாவி விட்டேன். எந்த மகராசி இப்படிக் காவல் காத்திருப்பா? மூணாம் நாள் அள்ளிக் குலுக்குனா கலகலன்னுச்சு. பச்சைகூடக் கொஞ்சம் வெளுத்து, பாக்கச் சுத்தமா இருந்துச்சு.

என்னம்மா, வாயைப் பொத்துற? சிரிக்கிறியா இருமுறியா? இரும்மா, தண்ணி இருக்கு, குடி.

அந்த மூணாம் நாள்தான் அவ கொல்லையிலருந்து ஓடியாந்தா. தலையில அடிச்சிக்கிட்டே வர்றா. "அய்யய்யோ, என்னக்கா பண்ணி வச்சிருக்க! வெயில்ல போடலாமா? அது உசுருக்கா, செத்துப் போயிருக்கும்க்கா!"

"பூசணத்துக்கு உசுரா? இனிமே அதுக்குத் தொட்டில் கட்டித் தாலாட்டு பாடச் சொல்லுவ போல"ன்னேன்.

"வெளையாடாதக்கா. நிழல்ல, ஈரத்துல இருந்தாத்தான் அது புழு மேல முளைக்கும்."

"நீ எழுதிக்கிட்டு வந்தது ஒனக்கு. நான் இந்தக் களத்துல முப்பத்தெட்டு வருசமாக் காய வைக்கிறேன். என் அரிசி மக்கிப் போகணும்னு ஒனக்கு ஆசை, அதானே?"

அவ திரும்பி நடந்துட்டா. குத்தமுள்ளவ நிக்க மாட்டாதானே?

காஞ்ச அரிசியைக் கொண்டுபோய் மரத்துக்கு ரெண்டு கை வச்சேன். சுத்தமா வச்சேன். தை மாசம் வந்துச்சு. அவ கொல்லையில பட்டையைப் பேத்தா புழுவெல்லாம் சாக்பீசாட்டம் விறைச்சுக் கிடக்கு, மேல பச்சையா மாவு பூத்திருக்கு. ஊரே வரிசையில போய்ப் பாக்குது. பண்ணையிலருந்து வந்து போட்டா புடிக்கிறாங்க. இவ ஒரு விறைச்ச புழுவை உள்ளங்கையில வச்சுக்கிட்டுக் கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்கிறா. என் கொல்லையில பட்டையைப் பேத்தா புழு நெளியுது, முன்னைவிட ஒரு சுத்துப் பெருத்து. ஒண்ணு, ரெண்டுன்னு ஒன்பது மரம் போச்சும்மா. ஒவ்வொண்ணும் விழுறப்போ நான் எண்ணிக்கிட்டே நின்னேன்.

ஒரே அறையில, ஒரே நாள்ல வளந்த பூசணம். அவளுக்குக் கொல்லுது, எனக்குக் கொல்லலைன்னா என்ன அர்த்தம்? நல்லதை அவ வச்சுக்கிட்டு ஒண்ணுக்கும் ஆகாததை எனக்குக் குடுத்திருக்கா. வேற என்ன அர்த்தம் இருக்க முடியும்? நீயே சொல்லு. இல்ல, சொல்லாத. இரு, இன்னும் இருக்கு.

இந்த வருசம் ஆனி. ரெண்டு மழை பேஞ்சிருந்துச்சு. மத்தியானம் கஞ்சி குடிச்சிட்டுக் கொல்லைக்குப் போறேன், எல்லையோரம் இருக்கிற என் மரத்தடியில யாரோ குந்தியிருக்காங்க. கிட்டப் போய்ப் பாத்தா பவுனு. கையில களைக்கொட்டு. என் மரத்தோட வேரைத் தோண்டுறா! ஒண்ணு இல்ல, அந்த வரிசையில அஞ்சு மரத்தடியையும் தோண்டியிருக்கா. கையெல்லாம் பச்சை. நான் போட்ட கூச்சல்ல ரோட்டுல போன வண்டியெல்லாம் நின்னுச்சு.

"என் மரத்தைக் கொல்ல வந்தியாடி!"

"இல்லக்கா..."

"அக்கான்னு சொன்ன, நாக்கை இழுத்து வச்சு அறுத்துடுவேன்!"

அன்னிக்கே ஊரைக் கூட்டினேன். அய்யனார் கோயில் வாசல்ல கற்பூரம் ஏத்தச் சொன்னேன். என் மரத்துல கை வைக்கலைன்னு கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும், நான் விட்டுடுறேன்னு சொன்னேன். அவ கற்பூரத்துக்கு முன்னால வந்து நின்னா. கையை நீட்டல. நாங்களும் பாத்துக்கிட்டே நிக்கிறோம். அது எரிஞ்சு, சின்னதாகி, தானா அணைஞ்சு போச்சு. அவ அணைக்கல. பொய்ச் சத்தியம் பண்ணாததுக்கு அவளை மெச்சணும்னு எங்க வீட்டுக்காரரு முணுமுணுத்தாரு. நான் ஒரு பார்வை பாத்தேன், அடங்கிட்டாரு.

அப்புறம் வாயைத் தொறந்தா. "வச்சேன். கை வச்சது நெசந்தான். அவங்க மரத்துல பொரியிற வண்டு எங்க போகும்? என் மரத்துக்குத்தான் வரும். அவங்க கொல்லை செத்தா அடுத்தது என் கொல்லைதான். நாளைக்கும் வைப்பேன்."

கேட்டியா? ஊருக்கு நடுவுல, சாமிக்கு முன்னால, வாயாலயே ஒத்துக்கிட்டா. தன் மரம் பொழைக்கணும்னு என் மரத்து வேரைத் தோண்டுறா.

மறுநாளே கருவேல முள்ளு வெட்டியாந்து, வாசல்லருந்து கொல்லை வரைக்கும் நடுவுல வேலி அடைச்சேன். எங்க வீட்டுக்காரரு அந்த அஞ்சு மரத்தடியையும் போய்ப் பாத்துட்டு வந்து, "வேரை வெட்டுன மாதிரி இல்லியே புள்ள, என்னத்தையோ வச்சு மூடுன மாதிரில்ல இருக்கு"ன்னாரு. நீங்க சும்மா இருங்க, ஒங்க தம்பி பொண்டாட்டின்னா ஒங்களுக்கு விட்டுக் குடுக்க மனசு வராதுன்னு சொன்னேன். அதோட அவரும் பேச்சை விட்டாரு. அவ ரெண்டு மாசமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு என்னென்னமோ கத்திப் பாத்தா. வெயிலு, நிழலு, ஈரம்னு. நான் ரேடியோவைச் சத்தமா வச்சுக்கிட்டேன்.

இன்னொண்ணு சொல்லணும். ஆவணியில அந்த எல்லையோர அஞ்சு மரமும் துளிர்த்துச்சு. அடியில புதுசாத் தூளு விழல. ஊர்ல சில பேரு அதை அவ கணக்குல சேக்கப் பாத்தாங்க. அது என் அரிசிம்மா. காஞ்ச சரக்கு மெதுவாத்தான் வேலை செய்யும். வேர் வரைக்கும் போய்ச் சேர வேணாமா?

மிச்சம் ஒன்பது மரத்துல தூளு கொட்டிக்கிட்டேதான் இருந்துச்சு. அதனால இந்த ஐப்பசி, போன மாசம், மறுபடி வைக்கிறதுன்னு முடிவு பண்ணினேன். இப்ப எங்க ஊர்ல பாதி வீட்டுல பூசணம் வளக்குறாங்க. சொர்ணத்துக்கிட்ட போய், பவுனு கை படாத அரிசியா ஆறு பை குடுன்னு கேட்டேன். அவ வீட்டுலயே வளத்ததைக் குடுத்தா. குடுக்கிறப்போ அவளும் ஏதோ சொல்ல வாயெடுத்தா. எனக்குத் தெரியும் போடின்னு வாங்கியாந்துட்டேன்.

வழக்கம்போல களத்தைக் கூட்டிப் பரப்பினேன். ரெண்டு நாள் நல்ல வெயில். மூணாம் நாள் மத்தியானத்துக்கு மேல கிழக்கால கருக்கல் கட்டுச்சு. ஆடு ரெண்டையும் அவுத்தாந்து கட்டிட்டு வந்து அரிசியை அள்ளலாம்னு ஓடினேன். எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? வெத்திலை போட்டுத் துப்புற நேரம். திரும்பி வந்தா பாயில என் அரிசி இல்ல. சுத்தமாக் கூட்டி அள்ளியிருக்கு. அந்த இடத்துல ஈரச் சாக்கு ஒண்ணு. பிரிச்சா ஆறு பை. அதே ஈரம், அதே வாடை, அதே பாசிப் பச்சை. வேலியைப் பாத்தா ஒரு முள்ளுக் கட்டு தள்ளிக் கிடக்கு.

நான் தலையில கை வச்சு உக்காரல, மழை புடிச்சிடுச்சு. எப்பேர்ப்பட்ட மழைங்கிற? அஞ்சு நாள். சூரியன் எந்தத் திசையில இருக்குன்னே தெரியாத மழை. அவ நேரம் பாத்துச் செஞ்சிருக்கா பாரு! முந்தின நாள் மாத்தி வச்சிருந்தா நான் திரும்பக் காய வச்சிருப்பேன்ல? மழை இறங்குற நாழியைக் கணக்குப் பண்ணி, காய வைக்க வழியே இல்லாம பண்ணி, என் நல்ல அரிசியைத் தூக்கிட்டுப் போயிருக்கா.

அந்த ஈரச் சனியனை வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு என்ன பண்றது? அடுப்போரம் உலத்தலாம்னு பாத்தேன். விறகே நனைஞ்சு அடுப்பு பத்தல. ரெண்டாம் நாள் எங்க வீட்டுக்காரரு ஒரு வார்த்தை கேக்காம எடுத்துட்டுப் போய், தொழுவுரத்துல கலந்து, ஒன்பது மரத்து வேரடியிலயும் நனைஞ்சுக்கிட்டே வச்சு மூடிட்டு வந்துட்டாரு. ஈரமாவே! கேட்டா, குப்பையில கொட்டுறதை வேர்ல கொட்டுனேன்கிறாரு. அன்னையிலருந்து எனக்குத் தூக்கம் இல்ல. அந்த ஒன்பதுக்கும் என்ன ஆகப் போகுதோ.

ஆறாம் நாள் வெயில் அடிச்சுச்சு. என் அரிசியையாவது கேட்டு வாங்கிடணும்னு நேரா வேலிக்கிட்ட போனேன். போன வருசத்துக்கப்புறம் அன்னிக்குத்தான் நானா அவளைக் கூப்புட்டேன். "ஏய் பவுனு! என் அரிசி எங்கடி?"

அவ வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா. இடுப்புல முறம். முறத்துல என் அரிசி. ரெண்டே முக்கா நாள் நான் காவல் காத்துக் காய வச்ச அரிசி. என்னை நிமிந்து பாத்தா. பாத்துக்கிட்டே "பா, பா, பா"ன்னு கோழியைக் கூப்புட்டு, முறத்தோட கவுத்துக் கொட்டிட்டாம்மா.